வெயிலில் வெளிறிய கார் பெயின்ட்: வீட்டிலேயே மீட்க வழி உண்டா?

செம்மண்பாதை எழுதியது:

வணக்கம் உறவுகளே. என்னிடம் இருப்பது 2004ஆம் ஆண்டு கொரோலா 121, கருநீல மெட்டாலிக். 2019இல் வாங்கினேன். அடுத்த வருடம் மார்ச்சில் இலங்கையில் வாகன இறக்குமதியை நிறுத்தினார்கள், 2025இல் திரும்பத் திறந்த பிறகும் விலை கைக்கு எட்டும் இடத்தில் இல்லை, ஆகவே இன்னும் பத்து வருடமாவது இந்தக் காரோடுதான் ஓட வேண்டும். எஞ்சினில் ஒரு குறையும் இல்லை. பெயின்ட்தான் கவலை.

வீடு விசுவமடுவில், பிரதான வீதியிலிருந்து ஒன்றரைக் கிலோமீற்றர் உள்ளே, முழுக்கக் கிரவல் பாதை. வேலை செய்யும் இடத்தில் நிழல் கிடையாது, காலை 8 மணியிலிருந்து மாலை 4 மணி வரை வெயிலில்தான் நிற்கும். வீட்டுக்கு வந்தால் புளியமரத்தின் கீழே. பொனட்டும் கூரையும் சாம்பல் பூத்த மாதிரி மங்கிவிட்டன. கதவுகளை வெயிலில் சாய்த்துப் பார்த்தால் சிலந்தி வலை போல வட்ட வட்டமாகக் கீறல். கூரையின் பின்பக்கம், கண்ணாடிக்குக் கிட்ட, இரண்டு இடத்தில் வெங்காயத் தோல் மாதிரி மேல்படை உரிகிறது, ஒன்று ஐந்து ரூபாய்க் குற்றி அளவு, மற்றது உள்ளங்கை அளவு. இது போதாது என்று பொனட் முழுக்க வெள்ளை வளையங்கள், குழாய்க்கிணற்றுத் தண்ணீரால் வந்தவை என்று நினைக்கிறேன்.

காரைக் கவனிக்காமல் விட்டவன் இல்லை நான். தினமும் காலையில் வேலைக்குப் போக முன் பழைய சாரத் துண்டால் புழுதியைத் துடைத்துவிட்டுத்தான் எடுப்பேன்.

வவுனியாவில் ஒரு கடையில் முழுக் காருக்கும் பெயின்ட் அடிக்கக் கேட்டேன், சொன்ன தொகை என் நான்கு மாதச் சம்பளம். இன்னொருவர் “கட்டிங் போட்டால், அதாவது பேஸ்ட் பூசித் தேய்த்தால், புதுக் கார் மாதிரி வரும், உரிந்த இடமும் சரியாகும்” என்றார். பக்கத்து வீட்டு ஐயா தேங்காய் எண்ணெயில் மண்ணெண்ணெய் கலந்து பூசச் சொல்கிறார். என்னிடம் மெஷின் இல்லை, சனிக்கிழமைகள் இருக்கின்றன, கை இருக்கிறது. எங்கிருந்து தொடங்குவது?

-----

மாங்குளம் ஸ்பிரே எழுதியது:

தம்பி, 17 வருடம் வவுனியாவில் பெயின்ட் வேலை செய்தவன், இப்போது மாங்குளத்தில் சின்னதாக ஒரு இடம் வைத்திருக்கிறேன். நீளமாக எழுதுகிறேன், ஆறுதலாக வாசியுங்கள்.

முதல் காரியம், ஒரு சாமானும் வாங்க முன், ஒரு கோப்பை தண்ணீரை மங்கிய இடத்தில் ஊற்றிப் பாருங்கள். நனைந்ததும் அந்தக் கருநீலம் பழையபடி ஆழமாகத் தெரிந்தால் பிழைத்தீர்கள், மேல்படையின் மேற்பரப்பு மட்டும்தான் கெட்டிருக்கிறது, பொலிஷில் மீளும். நனைத்தும் வெள்ளையாகவே நின்றால் கிளியர், அதாவது நிறத்துக்கு மேலே அடிக்கிற நிறமில்லாத மேல்படை, செத்துப் போய்விட்டது. அதை எந்தப் பேஸ்ட்டும் உயிர்ப்பிக்காது. உரிந்த இடமும் கட்டிங்கில் சரியாகும் என்று சொன்னவர் உங்களுக்குப் பொய் சொல்லியிருக்கிறார். இல்லாத படையை எப்படித் தேய்த்துக் கொண்டுவருவது?

இதை விளங்க ஒரு கணக்குத் தெரிய வேண்டும். தகரத்துக்கு மேலே பிரைமர், அதற்கு மேல் நிறம், அதற்கு மேல் கிளியர். எல்லாம் சேர்த்தே கொம்பனிப் பெயின்ட் பொதுவாக 100 முதல் 150 மைக்ரோன்தான் வரும். அதில் கிளியர் 40, 50 மைக்ரோன். எங்கள் தலைமுடி ஒன்றே ஏறத்தாழ 70 மைக்ரோன் தடிப்பு, அப்படியானால் முடியைவிட மெல்லிய படை ஒன்றுதான் 20 வருட வன்னி வெயிலையும் தாங்கி நிறத்தைக் காப்பாற்றி வந்திருக்கிறது. ஒவ்வொரு கட்டிங்கும் அதிலிருந்து கொஞ்சம் சுரண்டி எடுப்பதுதான், வேறொன்றுமில்லை. வருடத்துக்கு ஒரு தடவை மினுக்கத்துக்காகக் கட்டிங் போடுகிற கார்களைப் பார்த்தால் எனக்கு வயிறு எரியும்.

இரண்டாவது, அந்தச் சாரத் துண்டு. கோபிக்க வேண்டாம் தம்பி, உங்கள் கதவில் உள்ள சிலந்தி வலை அதுதான். கிரவல் புழுதி என்றால் பவுடர் இல்லை, அதில் கிடப்பது மணல், கிளியரைவிட மிகவும் கடினமானது. காய்ந்த துணியால் துடைக்கும்போது அந்த மணலைக் காரின் மேல் உருட்டித் தேய்க்கிறோம். சோளகம் வீசுகிற மாதங்களில் காரில் புழுதி இருக்கட்டும், விட்டுவிடுங்கள். கண்ணாடியை மட்டும் நனைத்துத் துடைத்துக்கொண்டு ஓடுங்கள்.

சரி, வேலைக்கு வருவோம். விடியக் காலை தொடங்குங்கள். பத்து மணிக்குப் பிறகு பொனட்டில் கை வைக்க முடியாது, சூட்டில் ஷாம்புவும் காயும் பேஸ்ட்டும் காயும். முதலில் துணியே படாமல் தண்ணீரை அடித்துப் புழுதியைக் கழுவிவிடுங்கள். பிறகு இரண்டு வாளி, ஒன்றில் கார் ஷாம்பு, மற்றதில் வெறும் தண்ணீர். துணியை ஒவ்வொரு தடவையும் வெறும் தண்ணீரில் அலசிப் பிழிந்த பிறகுதான் ஷாம்பு வாளிக்குள் விட வேண்டும். கூரையில் தொடங்கிக் கீழே இறங்குங்கள், சில்லுப் பக்கம் கடைசி, அதற்கு வேறு துணி.

கழுவிக் காய்ந்ததும் ஒரு மெல்லிய பொலித்தீன் பையைக் கையில் மாட்டிக்கொண்டு பொனட்டைத் தடவிப் பாருங்கள். வெறுங்கைக்குத் தெரியாதது பையோடு தெரியும், நறநற என்று. அது பெயின்டுக்குள் ஒட்டிக் கிடக்கும் அழுக்கு. அதற்குத்தான் கிளே பார், அழுக்கைப் பிடித்து எடுக்கிற களி மாதிரிக் கட்டி. ஷாம்புத் தண்ணீரைத் தெளித்துக்கொண்டு, அமுக்காமல், நேர் கோட்டில் வழுக்கவிட்டாலே அழுக்கு கழன்று வரும். கட்டி கீழே மண்ணில் விழுந்தால் தூக்கி எறியுங்கள், காசைப் பார்க்க வேண்டாம்.

பிறகு பொலிஷ். மெஷின் இல்லாதது உங்களுக்கு நல்லது என்றே சொல்வேன். ஒரு சாண் அளவு இடத்தை எடுங்கள். ஸ்பொஞ்ச்சில் கடலை அளவு பேஸ்ட், மென்மையான ரகத்தில் தொடங்குங்கள், கடும் கட்டிங் பேஸ்ட்டை முதலே தொட வேண்டாம். முன்னும் பின்னுமாக, பிறகு குறுக்காக, இரண்டு மூன்று நிமிடம். மைக்ரோஃபைபர் துணியால் துடைத்துப் பாருங்கள். பலன் வந்தால் அதே பேஸ்ட்டில் முழுப் பொனட்டும். வராவிட்டால் மட்டும் ஒரு படி கடுமையானது. விளிம்புகள், பொனட்டில் எழும்பி நிற்கும் கோடுகள் எல்லாவற்றுக்கும் மாஸ்கிங் டேப் ஒட்டுங்கள், அங்கே பெயின்ட் இன்னும் மெல்லிசு. நகம் மாட்டுகிற கீறலை விட்டுவிடுங்கள். அதை முழுக்க எடுக்கப் போனால் கிளியர் போய்விடும்.

ஒன்றை மறக்க வேண்டாம். உங்களுடையது மெட்டாலிக், ஆகவே துணியில் நீலம் வந்தால் உடனே நிறுத்துங்கள், கிளியர் முடிந்து நிறத்தைத் தேய்க்கிறீர்கள் என்று அர்த்தம். பழைய வெள்ளை, சிவப்புக் கார்கள் சிலவற்றில் கிளியரே இல்லாத பெயின்ட், அவற்றில் துணியில் நிறம் வருவது வழமை. உங்கள் காருக்கு அது பொருந்தாது.

உரிந்த இரண்டு இடத்துக்கும் சுற்றவர நான்கு விரல் தூரம் விட்டுத் தேயுங்கள், இல்லாவிட்டால் விளிம்பு இன்னும் கிளம்பும். அதை வீட்டில் கிளியர் அடித்துச் சரிசெய்ய நினைக்கவே வேண்டாம். கார்களுக்கு அடிக்கிற, இறுக வைக்கும் ஹார்ட்னர் கலந்த கிளியரில் ஐசோசயனேட் என்ற இரசாயனம் இருக்கிறது. அது சுவாசத்தைக் கெடுக்கும், ஆஸ்துமாவைக் கொண்டுவரும், மூக்கில் லேஞ்சி கட்டினால் தடுக்காது. இந்தத் தொழிலில் மூச்சுக்கு அவதிப்படும் ஆட்களை எனக்குத் தெரியும், அதனால்தான் அழுத்திச் சொல்கிறேன். கூரை மட்டும் அடிப்பது முழுக் கார் அடிப்பது இல்லை, செலவு பெரிதாகக் குறையும். அதுவரை மெழுகு பூசி வையுங்கள்.

-----

குளத்துத்தண்ணி எழுதியது:

அண்ணை சொன்னதெல்லாம் சரி, நான் தண்ணீரைப் பற்றி மட்டும் சொல்கிறேன், ஏனென்றால் கிளிநொச்சியில் நான் பட்ட பாடு அது.

எங்கள் வீட்டுக் கேத்தலுக்குள் பாருங்கள், அடியில் வெள்ளையாகக் கல் படிந்திருக்கும். அதே கல்தான் பொனட்டில் வளையமாக நிற்கிறது. தண்ணீர் ஆவியாகிப் போகும், அதில் கரைந்திருந்த கல்சியமும் மக்னீசியமும் போகாது. வெயிலில் கழுவிவிட்டு அப்படியே காயவிட்டால் ஒவ்வொரு துளியும் ஒரு வளையம். புதுசாக இருக்கும்போது அது மேலே உட்கார்ந்திருக்கும், நாள்பட்டால் கிளியரையே அரித்து உள்ளே இறங்கிவிடும்.

புது வளையத்துக்கு வினாகிரியையும் தண்ணீரையும் சரிபாதி கலந்து, பொனட் குளிர்ந்து இருக்கும்போது, நனைத்த துணியை ஒரு நிமிடம் மேலே போட்டு எடுத்து, உடனே நிறையத் தண்ணீரால் கழுவிவிடுங்கள். காயவிட வேண்டாம், அதுவும் அமிலம்தானே. அதற்கும் போகாத வளையம் உள்ளே இறங்கியது, அதைப் பொலிஷில்தான் பார்க்க வேண்டும், அதிலும் போகாவிட்டால் அதோடு வாழப் பழக வேண்டும்.

நான் இப்போது செய்வது, ஐப்பசி கார்த்திகையில் மாரி தொடங்கியதும் கூரைத் தகரத்திலிருந்து விழும் மழைத் தண்ணீரைப் பீப்பாயில் பிடித்து மூடி வைப்பது. முதல் மழையைப் பிடிக்க மாட்டேன், அதில் கூரைப் புழுதி எல்லாம் வரும். காரைக் கிணற்றுத் தண்ணீரிலேயே கழுவலாம், கடைசி அலசலுக்கு மட்டும் ஒன்றரை வாளி மழைத் தண்ணீர். மழைத் தண்ணீரில் கல் இல்லை. அது முடிந்த காலத்தில், கழுவிய கையோடு பெரிய மைக்ரோஃபைபர் துவாயால் ஒற்றி எடுத்துவிடுவேன், ஒரு துளியும் தானாகக் காய விடுவதில்லை. சிலர் குடிக்க எடுக்கும் சுத்திகரித்த தண்ணீரைக் காருக்கு ஊற்றுகிறார்கள். சிறுநீரக நோய் இருக்கிற ஊர்களில் சனம் வரிசையில் நின்று எடுக்கிற தண்ணீர் அது. தயவுசெய்து அதைச் செய்ய வேண்டாம்.

அப்புறம் புளியமரம். நிழல் நல்லது, ஆனால் பூவும் பிஞ்சும் காகத்தின் எச்சமும் அதோடு வரும். எச்சம் விழுந்த இடத்தில் பெயின்ட் சூட்டில் இளகி, குளிர்ந்து இறுகும்போது அதன் தடம் அப்படியே பதிந்துவிடும். காய்ந்ததைச் சுரண்டாமல் ஈரத்துணியை ஐந்து நிமிடம் மேலே போட்டு ஊறவைத்து எடுங்கள். நான் டாஷ்போர்ட் பெட்டிக்குள் ஒரு போத்தல் தண்ணீரும் இரண்டு துணியும் எப்போதும் வைத்திருக்கிறேன்.

-----

ஸ்டேஷன்ரோட் எழுதியது:

இதே திரியில் என்னுடையதையும் கேட்கலாமா? வெள்ளை ஆல்டோ. திங்கள் முதல் வெள்ளி வரை கிளிநொச்சி ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் நிறுத்திவிட்டு ரயிலில் வேலைக்குப் போகிறேன். ஒரு வருடத்தில் பின்பக்கக் கதவு முழுக்கக் குண்டூசி முனை அளவில் செம்மஞ்சள் புள்ளிகள். செம்மண் என்று நினைத்து எத்தனை தடவை கழுவியும் போகவில்லை. துருப்பிடிக்கத் தொடங்கிவிட்டதோ என்று பயமாக இருக்கிறது. போன மாதம் ஒரு சேவிஸ் ஸ்டேஷனில் சொன்னேன், பாத்திரம் தேய்க்கிற பச்சை நாரால் அழுத்தித் தேய்த்தார்கள். புள்ளி போகவில்லை, அந்த இடம் மட்டும் அரத்தாள் தேய்த்த மாதிரி மங்கிவிட்டது. வீட்டுக்கு வந்து அழுதேவிட்டேன், கடன் இன்னும் கட்டி முடியவில்லை.

-----

மாங்குளம் ஸ்பிரே எழுதியது:

தங்கச்சி, பயப்பட வேண்டாம். கார் துருப்பிடிக்கவில்லை, காரின் மேல் விழுந்த இரும்புத் துகள்தான் துருப்பிடிக்கிறது. 2013 செப்டெம்பரில் கிளிநொச்சி வரை ரயில் திரும்ப ஓடத் தொடங்கிய பிறகு எங்களிடம் வருகிற வெள்ளைக் கார்களில் இதைப் பார்த்திருக்கிறேன். தண்டவாளமும் சில்லும் பிரேக்கும் உராயும்போது கண்ணுக்குத் தெரியாத இரும்புத் தூள் பறக்கும், அது பெயின்டில் குத்தி நின்று மழை பட்டதும் செம்மஞ்சளாகும். உங்கள் சொந்தப் பிரேக்கிலிருந்தும் கொஞ்சம் வரும். நீலக் காரிலும் இருக்கும், கண்ணுக்குத் தெரியாது, அவ்வளவுதான்.

இதற்கென்று இரும்பு கரைக்கும் ஒரு ஸ்பிரே விற்கிறார்கள். அடித்தால் புள்ளி இருக்கிற இடமெல்லாம் ஊதா நிறமாக வழியும், பார்க்க ஆச்சரியமாக இருக்கும். நிழலில் அடித்து, காய முன் கழுவிவிடுங்கள், கையுறை போடுங்கள், வாடை பொல்லாதது. எஞ்சியதைக் கிளே பார் எடுக்கும். பச்சை நார் பட்ட இடத்தை மென்மையான பொலிஷில் தொடங்கிப் பாருங்கள், ஆல்டோவின் பெயின்ட் மெல்லிசு, அவசரப்பட வேண்டாம். நிறுத்துகிற இடத்தைத் தண்டவாளத்திலிருந்து கொஞ்சம் தள்ளி மாற்ற முடிந்தால் நல்லது.

-----

பரந்தன்பையன் எழுதியது:

கையால் தேய்த்து எப்போது முடிப்பது அண்ணை? ஹாட்வெயாரில் கிரைண்டருக்குக் கம்பளிப் பேட் விற்கிறார்கள், போட்டு ஒரு மணித்தியாலத்தில் முழுக் காரும் முடித்துவிடலாம். நான் என் வேனுக்கு அப்படித்தான் செய்தேன், மினுங்குகிறது.

-----

மாங்குளம் ஸ்பிரே எழுதியது:

தம்பி, தகரம் வெட்டுகிற கிரைண்டர் நிமிடத்துக்குப் பத்தாயிரம் சுற்றுக்கு மேலே ஓடும். பொலிஷ் போடுகிற மெஷின் ஆயிரம், இரண்டாயிரத்தில் ஓடுவது. கிரைண்டரை ஒரே இடத்தில் இரண்டு விநாடி வைத்தால் பெயின்ட் எரிந்து பிரைமர் தெரியும், அப்படி வந்த பொனட்டுகளுக்கு மறுபடி பெயின்ட் அடித்துக் கொடுத்திருக்கிறேன். உங்கள் வேனை மாலை வெயிலில் ஒருக்கால் சாய்வாகப் பாருங்கள், வட்ட வட்டமாக நிழல் மாதிரித் தடம் தெரிகிறதா என்று. மெஷின் வேண்டுமென்றால் சுற்றிக்கொண்டே ஆடுகிற வகை இருக்கிறது, டீஏ என்பார்கள், அது சூடேற்றுவது குறைவு, புதிதாகப் பழகுபவர்களுக்கு அதுதான் பாதுகாப்பு. நாலைந்து பேர் சேர்ந்து ஒன்று வாங்கி மாறி மாறிப் பாவியுங்கள்.

-----

பழையசோமசெட் எழுதியது:

பிள்ளைகளே, தேங்காய் எண்ணெய், மண்ணெண்ணெய்க் கதைக்கு ஒருவரும் பதில் எழுதவில்லை, நான் எழுதுகிறேன். எனக்கு 71 வயது. பொருளாதாரத் தடைக் காலத்தில் பெற்றோல் இல்லாமல், ஒரு சொட்டுப் பெற்றோலில் எஞ்சினை எழுப்பி மண்ணெண்ணெயில் ஏ40 சோமசெட் என்ற பழைய ஒஸ்டின் கார் ஓட்டியவன். அந்த நாட்களில் மெழுகுக்கு எங்கே போவது, எண்ணெயைத்தான் பூசினோம். மினுங்கும், உண்மை. ஆனால் பாதையில் இறங்கி ஒரு கட்டை போக முன் புழுதி முழுக்க அதில் அப்பிக்கொள்ளும், பிறகு துடைத்தால் அரம் போட்ட மாதிரி. எண்ணெய் வெயிலைத் தடுக்காது, ஒரு கழுவலில் போய்விடும். மண்ணெண்ணெய்க்கு ஒரே வேலை, புதுக் காப்பெற் வீதியில் ஓடிக் கதவடியில் ஒட்டிய தார். துணியில் கொஞ்சம் தொட்டு எடுத்து, உடனே ஷாம்பு போட்டுக் கழுவிவிட வேண்டும்.

மெழுகில் கார்னோபா என்று டின்னில் எழுதியிருக்கும். அது பிரேசிலின் வடகிழக்கில் வளருகிற ஒரு பனைச் சாதி மரத்தின் ஓலையில் சுரப்பது. அந்த மரமும் எங்கள் பனை போல வறட்சியில் நிற்கிற மரம், ஓலையிலிருந்து ஈரம் போகாமல் இருக்கத்தான் மெழுகைப் பூசிக்கொள்கிறது. ஓலையைக் காயவைத்து அடித்து எடுக்கிறார்களாம். எண்பது பாகை செல்சியஸ் தாண்டினால்தான் உருகும் மெழுகு அது. இதை வாசித்த நாளிலிருந்து எனக்கு அந்த டின்னைத் திறக்கிறபோதெல்லாம் ஒரு சந்தோசம்.

மெழுகு எங்கள் வெயிலுக்கு ஆறு, எட்டுக் கிழமை தாங்கும். சீலன்ட் என்று போத்தலில் வருகிற செயற்கைப் பூச்சு சில மாதம் நிற்கும். செரமிக் என்கிற கடினமான பூச்சு இன்னும் கூட நிற்கும், ஆனால் அதைப் பூச முன் பெயின்ட் முழுக்கத் திருத்தியிருக்க வேண்டும், இல்லாவிட்டால் கீறல்களுக்கு மேலேயே பூட்டுப் போட்ட மாதிரி ஆகிவிடும், புழுதியில்லாத மூடிய இடமும் வேண்டும். கிரவல் பாதையோரம் முற்றத்தில் அதைப் பூச முடியாது. தம்பி மெழுகோடு இருங்கள். மெல்லிசாகப் பூச வேண்டும், தடிப்பாகப் பூசினால் அதிகம் நிற்காது, துடைக்கத்தான் கஷ்டம். சாப்பாட்டுக் கோப்பை கழுவுகிற திரவத்தால் காரைக் கழுவினால் பூசிய மெழுகும் கழன்றுவிடும், அதையும் வீட்டில் சொல்லி வையுங்கள்.

கார் உறை வாங்க வேண்டாம், முற்றத்தில் காற்றடிக்கும்போது உறைக்கும் பெயின்டுக்கும் நடுவில் புழுதி நின்று தேய்க்கும். நான்கு காட்டு மரக் கால் நட்டுக் கிடுகால் ஒரு கொட்டில் போடுங்கள். என் காருக்கு அதுதான்.

-----

செம்மண்பாதை எழுதியது:

எல்லோருக்கும் மனமார்ந்த நன்றி. நான்கு சனிக்கிழமை கழித்து எழுதுகிறேன்.

தண்ணீர் ஊற்றிப் பார்த்தேன், பொனட்டும் கூரையின் முன்பாதியும் நனைந்ததும் நீலமாக வந்தன, பின்பாதி வெள்ளையாகவே நின்றது. அந்த இடத்தை இனித் தொடவில்லை. வினாகிரியில் வளையங்களில் பாதி போனது. பையை மாட்டித் தடவியபோது வந்த சத்தம், அரிசிக்குள் கை விட்ட மாதிரி, இத்தனை வருடம் இதன் மேலேதான் தினமும் துடைத்தேன் என்று நினைக்கக் கவலையாக இருந்தது. கிளே பாரை மடித்துப் பிசைந்தபோது உள்ளே தவிட்டு நிறக் கோடுகள்.

மென்மையான பேஸ்ட்டே போதுமாக இருந்தது. பொனட்டுக்கு மட்டும் இரண்டு காலை போனது, தோள் வலித்தது. முதல் சாணைத் துடைத்து எடுத்தபோது புளியமரத்தின் ஒரு கொப்பு அதற்குள் தெளிவாகத் தெரிந்தது, இலை இலையாக, அதன் சுற்றவர இன்னும் சாம்பல். மகளைக் கூப்பிட்டுக் காட்டினேன். மெழுகு பூசி மூன்றாம் நாள் எதிர்பாராமல் ஒரு மழை, துளிகள் உருண்டு உருண்டு ஓடின.

மாங்குளம் அண்ணை, கூரையின் பின்பாதிக்கு மாரி தொடங்க முன் கொண்டுவரலாமா, அல்லது தை பிறந்த பிறகா? கொட்டிலுக்குக் கால் நட்டாயிற்று, கிடுகு வர வேண்டும். வலப்பக்கக் கதவுகள் இரண்டும் வரும் சனிக்கிழமை.

-----

மாங்குளம் ஸ்பிரே எழுதியது:

தைக்குப் பிறகு கொண்டுவாருங்கள் தம்பி. மாரியில் காற்றில் ஈரம் கூட, கிளியர் பால் பூத்த மாதிரி வெளுக்கும். அதுவரை உரிந்த விளிம்புக்கு மெழுகு மட்டும், ஒட்டுகிற டேப் எதுவும் போட வேண்டாம், இழுக்கும்போது மிச்சத்தையும் கொண்டுபோய்விடும்.